மடக்கு அரிவாள்மனையா, பழைய இரும்பா?



"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி வந்த காலத்தைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டு அரிவாள்மனையும் சென்ற ஆண்டு ஏறக்குறைய அப்படிப் பழைய இரும்பாகப் போகவிருந்தது. போகாமல் நின்றது. அது ஏன் நின்றது என்று யோசித்தபோது, உங்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள் அதில் இருப்பதாகத் தோன்றியது. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 74. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அந்த அரிவாள்மனை இங்கே இருந்ததாம். பலாமரப் பலகை, ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு அலகு. அது கறுத்துப்போய், தேய்ந்து தேய்ந்து மூன்றாம் பிறைபோல ஆகிவிட்டது. சென்ற ஆண்டு அண்ணன் மகளின் குழந்தை தவழ ஆரம்பித்தது. தரையில் எப்போதும் நிமிர்ந்து நிற்கும் அந்த அலகைப் பார்த்து எல்லோருக்கும் பயம். அண்ணன் உடனே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு மடக்கு அரிவாள்மனை வாங்கி வந்தார். அலகு எவர்சில்வர். வேலை முடிந்ததும் மடக்கிப் பலகையின்மேல் படுக்கவைத்துவிடலாம். பழையது பரணுக்குப் போயிற்று.

மூன்றாவது வாரம் வாழைத்தண்டு நறுக்கும்போது அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டிவிட்டது. இரண்டு தையல். "பளபளன்னுதான் இருக்கு. ஆனா தண்டுல இறங்க மாட்டேங்குதுடா. அழுத்தினேன், வழுக்கிடுச்சு" என்றார் அம்மா. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார் அண்ணன். "முதலில் பழசைப் பரணிலிருந்து இறக்குங்கள்" என்றார் அண்ணி. வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. விஞ்ஞான ஆசிரியன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு கட்சியும் தவறு என்பதே என் கருத்து. ஏனென்றால், இரண்டு கட்சியும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பழசா, புதுசா? ஆனால் அந்தப் புதிய மனையில் ஒரு புதுமை இல்லை. இரண்டு புதுமைகள் ஒன்றாகக் கட்டப்பட்டு வந்திருக்கின்றன. ஒன்று, அது மடங்குகிறது. மற்றொன்று, அதன் அலகு துருப்பிடிப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு என்ன சொல்லித்தருகிறார்கள்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அல்லவா? கடைக்காரர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டார். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மடங்குவது நல்லதா?

முதலில் மடங்கும் வசதியை எடுத்துக்கொள்வோம். அரிவாள்மனையில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கத்தியில் காய் நிற்கிறது, கத்தி நகர்கிறது. அரிவாள்மனையிலோ அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. பலகையை நம் கால் அழுத்திப் பிடித்துக்கொள்வதால் இரண்டு கைகளும் காயைப் பிடிக்க ஓய்வாக இருக்கின்றன. பூசணிக்காய் போன்ற பெரிய காயைக்கூட எளிதாகப் பிளக்க முடிவது இதனால்தான். ஆனால் அதே காரணத்தால், வேலை இல்லாத நேரத்திலும் அலகு விறைப்பாக நிமிர்ந்தே நிற்கிறது. தவழும் குழந்தைக்கும், இருட்டில் நடப்பவருக்கும் அது ஆபத்து. மடக்கி வைத்தால் அந்த ஆபத்து போய்விடுகிறது. ஆகவே மடங்குவது உண்மையான முன்னேற்றம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மடங்கும் பொருளுக்கு ஒரு கீல் வேண்டும். கீல் என்றாலே அங்கே ஒரு பலவீனம் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கீலுக்கு 15 செ.மீ. உயரத்தில், அலகின் நடுவில், நாம் 2 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் காயை அழுத்துகிறோம். அலகு பின்னால் சாயாமல் தடுக்கும் ஆணி கீலிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி அந்த ஆணி தாங்கும் விசை எவ்வளவு? 15-ஐ 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 10 கிலோ! நம் கை கொடுப்பதைப்போல 5 மடங்கு. தினமும் இப்படி ஆயிரம் தடவை அழுத்தினால், மெல்லிய ஆணியாக இருந்தால் அது தளர்ந்துவிடும். அலகு ஆடத் தொடங்கும். ஆடும் அலகில் காய் நறுக்குவது ஓடும் பேருந்தில் எழுதுவது போன்றது.

மடக்குக் கத்தி செய்பவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலோடு போராடியவர்களே. பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டில் ஒரு மரக்கைப்பிடி மடக்குக் கத்தியை உருவாக்கினார். குடியானவர்களின் சட்டைப்பையில் இடம்பிடித்த கத்தி அது. ஆனால் வெட்டும்போது அலகு திரும்பி மடங்கி விரலில் விழாமல் தடுக்கும் பூட்டு வளையம் அதில் 1955-இல்தான் சேர்ந்தது. இடையில் 65 ஆண்டுகள்! மடங்குவது மட்டும் போதாது, மடங்கக் கூடாத நேரத்தில் மடங்காமலும் இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். அரிவாள்மனைக்கும் இது பொருந்தும். அலகு மடங்கும் திசை, நாம் காயைத் தள்ளும் திசைக்கு எதிர்த்திசையாக இருக்க வேண்டும். அப்போது நாம் அழுத்த அழுத்த அலகு இன்னும் உறுதியாக நிற்கும். கீலில் தட்டி அடைத்த ஆணி இருப்பதைவிட, திருகி இறுக்கக்கூடிய மரையாணி இருப்பது நல்லது. தளர்ந்தால் நாமே இறுக்கிக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காதது எப்படி?

இனி இரண்டாவது புதுமைக்கு வருவோம். எங்கள் காவிரிப் படுகையில் வாழை இல்லாத சமையல் ஏது? வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு என்று ஒரே மரம் மூன்று கறியாகிறது. இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூவை நறுக்கினால் பூவும் கறுக்கும், அலகும் கறுக்கும், விரலும் கறுக்கும். காரணம் என்ன? வாழையின் சாற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது இரும்புடன் சேர்ந்து கருநீல நிறப் பொருளாக மாறுகிறது. முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை செய்தார்களே, அதுவும் இதே வேதிமாற்றம்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் இருப்பது டானின். ஆக, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் மை தயாரித்துக்கொண்டிருந்தார் எனலாம்!

வாழைப்பூ கறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நறுக்கிய இடத்தில் காற்றுப்பட்டதும், பூவிலுள்ள ஒரு நொதி அங்கே பழுப்பு நிறப் பொருளை உண்டாக்குகிறது. எவர்சில்வர் அலகால் நறுக்கினாலும் இது நடக்கும். அதனால்தான் நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார்கள். மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. "எவர்சில்வர் வாங்கியும் பூ கறுக்கிறதே" என்று ஏமாறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அது வெள்ளியல்ல, இரும்போடு குரோமியம் கலந்த எஃகு. குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் சில பங்குதான் அதன் தடிமன். கீறினாலும் காற்றுப் பட்டவுடன் படலம் தானாகவே மீண்டும் உண்டாகிவிடும். ஆனால் காற்றுப் புகாத இடுக்கில்? அங்கே படலம் புதுப்பிக்கப்படாது. மடக்கு மனையில் அப்படிப்பட்ட இடுக்கு எது? அதே கீல்தான்! உப்பும் புளியும் அங்கே தங்கினால் எவர்சில்வரிலும் புள்ளி விழும். ஆகவே துருப்பிடிக்காது என்பதற்குக் கழுவ வேண்டாம் என்று பொருளல்ல.

பளபளப்பு வேறு, கூர் வேறு

எல்லாம் சரி, அம்மாவின் விரல் ஏன் வெட்டுப்பட்டது? இதுதான் முக்கியமான கேள்வி.

கூர் என்பது என்ன? விசையை மிகச் சிறிய பரப்பில் குவிப்பது. அலகின் விளிம்பு 1 மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு தடிமனாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கி அது 10-இல் ஒரு பங்கு ஆகிவிட்டால், அதே அழுத்தத்தை உண்டாக்க 5 மடங்கு விசை தேவை. 5 மடங்கு விசையோடு தள்ளும் கை வழுக்கினால் நிறுத்த முடியாது. கூர்மையான அலகைவிட மழுங்கிய அலகே ஆபத்தானது. அம்மாவுக்கு நேர்ந்தது இதுதான்.

அலகு சீக்கிரம் மழுங்குவதும் மழுங்காததும் எஃகின் கடினத்தைப் பொறுத்தது. கொல்லர் அடித்த அலகில் கடினத்தைத் தருவது கார்பன். அவர் அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார். சுமார் 800 டிகிரி செல்சியஸ். சட்டென்று தண்ணீரில் தோய்ப்பார். எஃகு கண்ணாடிபோலக் கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். ஆகவே மறுபடி இளஞ்சூட்டில் காட்டுவார். அலகின்மேல் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். வெப்பமானி இல்லாமலே 220 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்தவர்.

எவர்சில்வரில் இது நடக்குமா? ஒரு வகையில் நடக்கும், மற்றொரு வகையில் நடக்காது. டம்ளரும் தட்டும் செய்யப் பெரும்பாலும் பயன்படும் வகையில் குரோமியத்தோடு நிக்கலும் உண்டு. 18 பங்கும் 8 பங்கும். வளைக்கவும் தட்டவும் அருமையானது. ஆனால் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கத்திக்கு ஏற்றது வேறு வகை. அதில் 13 சதவீத அளவு குரோமியமும், தேவையான கார்பனும் இருக்கும். அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கலாம்.

இந்தத் தொல்லை அந்த எஃகு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய்கள் தேய்வதைத் தடுக்க வழி தேடியபோது, 1913-இல் குரோமிய எஃகைக் கண்டார். கத்தி செய்ய ஏற்றது என்று சொல்லித் தொழிலாளர்களிடம் கொடுத்தார். பழைய எஃகை அடிக்கும் முறையிலேயே அவர்கள் இதையும் அடித்தார்கள். கத்தி கூர் பிடிக்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்களாம்! எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர் பல தடவை முயன்று, புதிய எஃகுக்கு ஏற்ற சூட்டைக் கண்டறிந்த பிறகே நல்ல கத்தி வந்தது. புதிய பொருளுக்குப் புதிய முறை வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. தமிழகத்துக் கொல்லர்கள் மூசையில் வைத்து உருக்கிய எஃகு மேல்நாடுகளில் 'ஊட்ஸ்' என்று பெயர் பெற்றிருந்தது. அதன் இரகசியத்தை அறிய மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். எஃகோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். அவற்றுள் குரோமியமும் ஒன்று. பழைய எஃகைப் பற்றிய ஆர்வம்தான் புதிய எஃகை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு படியாக இருந்திருக்கிறது. பழசும் புதுசும் பகையாளிகள் அல்லர். தாயும் மகளும் போன்றவை.

காந்தம் சொன்ன தீர்ப்பு

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் புதிய மனையின் அலகில் வைத்தேன். ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. பாத்திரம் செய்யும் தகட்டை வெட்டி அலகாக்கியிருக்கிறார்கள்! அதைச் சாணை பிடித்தாலும் கூர் நிலைக்காது. நிக்கல் கலந்த பாத்திர எஃகில் காந்தம் நன்றாக ஒட்டாது. கடினமாக்கக்கூடிய கத்தி எஃகில் ஒட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல கத்தி எஃகு அல்ல என்று சொல்லிவிடலாம். ஒட்டினால் நல்ல கத்தி எஃகு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கார்பன் குறைவான, கடினமாகாத சில மலிவு வகைகளிலும் காந்தம் ஒட்டும். ஒரு சோதனை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்தறிவதுதான் விஞ்ஞானம்.

அப்படியானால் பழைய இரும்பே மேல் என்று அண்ணி கட்சியில் சேர்ந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். இரும்பு அலகு ஒரு சுகவாசி. கழுவியதும் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். அவ்வப்போது கூர் ஏற்ற வேண்டும். முன்பு இதற்கு ஊரில் ஆள் இருந்தார். அறுவடைக்கு முன்னால் கதிர் அறுக்கும் கருக்கரிவாள்களுக்குப் பல் வெட்டக் கொல்லர் பட்டறையில் கூட்டம் நிற்கும். நெல் தாளில் மணலில் உள்ள அதே சிலிக்கா நிறைய இருப்பதால் அரிவாள் சீக்கிரம் மழுங்கும். கொல்லருக்கு வேலை ஓயாது. கூலியைக் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுப்பார்கள். கூடவே வீட்டு அரிவாள்மனைக்கும் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார். இன்று படுகையில் பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. முதுகொடிய அறுத்தவர்களின் வலி குறைந்தது; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிவாள் போனபோது பட்டறையின் உலையும் பல ஊர்களில் அணைந்துவிட்டது. பட்டறை இல்லாத ஊரில் இரும்பு அலகு வைத்திருப்பது, கிணறு இல்லாத வீட்டில் தோட்டம் போடுவது போலத்தான்.

என் முடிவு

ஆகவே என் கருத்து இதுதான். சிறு குழந்தை உள்ள வீட்டில் மடக்கு மனையே வேண்டும், இதில் பேச்சில்லை. ஆனால் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். காந்தத்தைக் கொண்டு போங்கள். கீலை ஆட்டிப் பாருங்கள். இறுக்க மரையாணி இருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கவும் கூர் ஏற்றவும் வீட்டில் ஆள் இருந்தால் பழைய இரும்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள். ஆள் இல்லையென்றால், நல்ல கத்தி எஃகில் செய்த எவர்சில்வர் அலகே மேல். துருப்பிடித்த பெருமையால் காய் நறுக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை நாங்கள் கடைசியில்தான் செய்தோம். நறுக்குபவரைக் கேட்டோம். அண்ணன் வாங்கினார், நான் ஆராய்ந்தேன். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் அதன்முன் உட்கார்ந்தவர் அம்மா அல்லவா? அம்மாவையே கடைக்கு அழைத்துப் போனோம். காந்தம் ஒட்டிய மூன்று மடக்கு மனைகளை அவர்முன் வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு வாழைக்காயை நறுக்கிப் பார்த்து, "இது இறங்குது" என்று ஒன்றைக் காட்டினார். நானாக இருந்தால் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். அது மூன்றிலும் பளபளப்புக் குறைந்தது! பழைய மனையையும் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அது இப்போது குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், அலகுக்கு ஒரு மட்டை உறையோடு ஆணியில் தொங்குகிறது. பொங்கலுக்குப் பூசணிக்காய் பிளக்க மட்டும் இறங்குகிறது.

இன்று மாலை நீங்களும் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, விளிம்பைத் தொடாமல், அலகின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் காய் நறுக்குபவரிடம், "இது நன்றாக வெட்டுகிறதா?" என்று கேளுங்கள். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.